ஏழாவது கேள்வி

சனிக்கிழமை காலை, எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. "சார், நான் திலகவதி அக்காவோட தம்பி பேசறேன், மேற்கு மாம்பலத்துலேந்து. அக்கா தவறிட்டாங்க" என்றது ஓர் ஆண் குரல். "எப்போ?" என்று கேட்டேன். "காலைல ஆறரைக்கு" என்றார். வாசலில் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டே போனது. கொஞ்சம் கழித்து மறுபடியும் "எப்போ?" என்று கேட்டேன். எனக்குக் காது மந்தம் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். குரலை உயர்த்தி, "ஆறரைக்கு. சார். ஆறரைக்கு" என்றார்.

முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும் பழக்கம் அவருடைய அக்காவுடையது. அதைத் தப்பான நேரத்தில், தப்பான ஆளிடம் செய்து பார்த்திருக்கிறேன். சரியான நேரத்தில், சரியான ஆளிடம் செய்யத் தவறியிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இதைப் படிக்கப் போகிற விவசாயிகளில் பெரும்பாலோருக்குத் திலகவதியின் குரல் தெரியும், முகம் தெரியாது. எனவே முகத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன உருவம். கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக் கண்ணாடி. வலது காதுமடல் எப்போதும் கொஞ்சம் சிவந்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் அதில் தொலைபேசியை அழுத்தியிருந்தார். தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கீழே பாத்திரக் கடை, முதல் மாடியில் தையல் வகுப்பு, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் நிறுவனம். அந்தத் தெருவுக்குள் டிராக்டர் நுழைய முடியாது, நுழைந்தால் திரும்ப முடியாது. ஆனால் செய்யாற்றிலோ வந்தவாசியிலோ உழுதுகொண்டிருக்கும்போது ஒரு டிராக்டர் நின்றுபோனால், அது மறுபடி ஓடுமா ஓடாதா என்பது அந்த இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் தீர்மானமாகும்.

திலகவதி டிராக்டர் ஓட்டியது கிடையாது. ஏறியதே ஒரு தடவைதான், நந்தம்பாக்கத்தில் நடந்த ஒரு கண்காட்சியில். சீட்டில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். எஞ்சினை நிறுத்தும் குமிழ் எது என்று தேடினார். இழுத்தால் டீசல் நின்றுபோகும்; மறந்து இழுத்தபடியே விட்டுவிட்டால் எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் கிளம்பாது. "அந்தக் குமிழ உள்ள தள்ளுங்க" என்பது அவர் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லும் வாக்கியம். தேடிக் கண்டுபிடித்ததும் ஏமாற்றமாகச் சொன்னார்: "இங்கதான் இருக்கா? நான் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

அந்த அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு கையேடு எழுத. டிராக்டரில் மின்சாரக் கோளாறும் டீசல் கோளாறும் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவசாயிகளுக்கு எளிய தமிழில் சொல்ல வேண்டும். டிராக்டர்களைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது, பின்சக்கரம் பெரிது என்பது. அது ஏன் பெரிது என்பது தெரியாது. "அவங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க, கேக்கறத எழுதுங்க" என்றார் மேலாளர். திலகவதி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுதறவரா? சரி. அப்ப நடுவுல பேசாதீங்க சார்" என்றார்.

பேசாமல் கேட்டேன். முதல் நாள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"அக்கா, சாவியத் திருப்புனா டிக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்."

"ஹெட்லைட்டப் போடுங்க."

"பகல்லயாக்கா?"

"பகல்லதான். போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு என்ன பண்ணுது?"

"மங்குதுக்கா. மொத்தமா செத்துப் போவுது."

"பேட்டரி முனையப் பாருங்க. ஏதாவது பூத்திருக்கா?"

"விபூதி பூசுனாப்ல இருக்குதுக்கா."

"வெந்நி ஊத்திக் கழுவி, சுரண்டி, இறுக்கி மாட்டுங்க. நீங்க பூசின விபூதி இல்லையே?"

"அய்ய, போக்கா!"

பத்து நிமிடத்தில் அந்த ஆள் திரும்பக் கூப்பிட்டார். பேசவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்கச் செய்து போனை வைத்துவிட்டார். சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கினால் பேட்டரியிலோ அதன் முனையிலோ சக்தி இல்லை. விளக்கு பிரகாசமாகவே எரிந்து எஞ்சின் அசையாவிட்டால், சக்தி இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் மிதிக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல், நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு அன்று பெரிய செய்தி. எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் அன்று மாலையே சோதித்துப் பார்த்தேன். ஸ்கூட்டரில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஆர்வம் அடங்கவில்லை.

அவருடைய முறை விசித்திரமாக இருக்கும். அழைப்பு வந்ததும் பழைய டெலிவரி சிலிப் ஒன்றைத் திருப்பிப் போட்டு, குழந்தைகள் வரைவதுபோல ஒரு டிராக்டர் வரைவார். கேள்வி கேட்கக் கேட்க ஒவ்வொரு பாகமாக அடித்துக்கொண்டே வருவார். அடிபடாமல் மிஞ்சுவதில்தான் கோளாறு. முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: நிறுத்தி வைத்திருந்த வண்டி கிளம்பவில்லையா, ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டதா? கிளம்பவில்லை என்றால் படத்தில் எதையும் அடிக்க மாட்டார். ஓடும்போது நின்றது என்றால் பேட்டரியை உடனே அடித்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். பழைய வகை டீசல் எஞ்சின் ஒரு தடவை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மின்சாரமே வேண்டாம் என்றார். பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனாலும் அது பாட்டுக்கு ஓடுமாம். நான் நம்பாமல் பார்த்ததைக் கண்டு விளக்கினார்:

"கல்யாணத்துல நாதஸ்வரம் மாதிரி சார் பேட்டரி. ஆரம்பிச்சு வைக்கிறதோட சரி. அப்பறம் குடும்பம் டீசல்லதான் ஓடணும்."

கல்யாணமே செய்துகொள்ளாதவர் இதைச் சொன்னார். கையேட்டில் சேர்க்க ஆசைப்பட்டேன். மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

வந்தவாசிப் பக்கத்து விவசாயி ஒருவரின் டிராக்டர் தினமும் முனீஸ்வரன் கோயில் வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் கிளம்பும். அவர் அதற்குள் ஒரு கோழி நேர்ந்துகொண்டிருந்தார், பொங்கல் வைத்திருந்தார், கடைசியாகத்தான் எங்களுக்கு அழைத்தார். திலகவதி முனீஸ்வரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீட்டுலேந்து அந்த மரத்துக்கு வர எவ்ளோ நேரம் ஆவுது?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்றார் அவர். "நாளைக்கு வேற பக்கமாப் போய்ப் பாருங்க."

மறுநாள் அழைத்தவரின் குரலில் கலவரம். "பள்ளிக்கூடத்துகிட்ட நின்னுடுச்சுக்கா. அதே பத்து நிமிசம். முனீஸ்வரன் பள்ளிக்கூடத்துக்கும் வராராக்கா?"

"வந்தா நல்லதுதான். டேங்க் மூடில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், பாருங்க."

ஓட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டீசல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்கே டீசலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திணறுமே, அதேதான். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் எப்படியோ மெல்லக் காற்று கசிந்து மறுபடி ஓடும். கூட்டைச் சுரண்டி எறிந்தால் தீர்ந்தது. ஆனால் அந்த மனிதர் தயங்கினார். குளவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றார்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். திலகவதி, "மூடிய அப்படியே கழட்டி வீட்டுக்குள்ள பத்திரமா வைங்க. அதுவரைக்கும் துணி கட்டி ஓட்டுங்க. வேற மூடி அனுப்பறேன்" என்றார். மூடி மறுநாள் போனது. குழந்தை பிறந்த சேதி சில மாதம் கழித்து வந்தது. குளவிக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கச் சொன்னேன். அவர் கேட்க மறுத்துவிட்டார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

கையேட்டுக்காக அவர் சொன்ன கேள்விகள் பன்னிரண்டு. ஒன்றாவது: டேங்கில் டீசல் இருக்கிறதா? பிறகு குமிழ், மூடி, வடிகட்டி, குழாயில் காற்று என்று போகும். ஏழாவது கேள்வி: டேங்கில் டீசல் இருக்கிறதா? கடைசியான பன்னிரண்டாவது, வேறு வழியே இல்லை என்றால் டீசல் பம்பைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்புவது. நான் எல்லாவற்றையும் செம்மையாக எழுதினேன். எழுதிப் படித்தபோது ஒன்றும் ஏழும் ஒரே கேள்வி என்பது கண்ணில் பட்டது. வாய்மொழியில் வந்த மறதி என்று நினைத்தேன். ஏழாவதை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு பதினொன்றாகி, பட்டியல் ஒரு பக்கத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கி, முதல் கட்டு ஊர்களுக்கும் போய்விட்ட பிறகுதான் அவர் புரட்டிப் பார்த்தார்.

"சார், ஏழாவது கேள்வி எங்க?"

"ஏழாவது இருக்கே."

"இது எட்டாவது. ஏழாவது எங்க?"

"ஒரே கேள்வி ரெண்டு தடவ வருது மேடம். படிக்கிறவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"என்ன வேணா நெனச்சுக்கட்டும். டேங்க்கப் பாத்தா சரி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல் தடவ கேட்டா ஞாபகத்துலேந்து பதில் சொல்வாங்க சார். ரெண்டாவது தடவ கேட்டா கோவம் வரும். அந்தக் கோவத்துலதான் எழுந்து போய்ப் பாப்பாங்க."

நான் மரியாதையாகத் தலையாட்டினேன். மனதுக்குள், இது எழுதத் தெரியாதவர்களின் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். மதியம் ஓர் அழைப்பு வந்தது. திலகவதி கொஞ்ச நேரம் கேட்டார். எதையும் வரையவில்லை. பிறகு ரிசீவரின் வாயைக் கையால் மூடி என்னிடம் நீட்டினார்: "சார், உங்க வாசகர்."

செய்யாறு பக்கத்திலிருந்து கோதண்டம் என்பவர். "புக்குல போட்டபடி ஒண்ணு வுடாம செஞ்சன் சார். பதினோராவதுல போட்டுருந்தீங்கன்னு பம்பக் கழட்டி பஸ்ஸுல ஏத்தி வுட்டன். அவங்க பம்பு நல்லா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாட்டிட்டுப் பாக்கறன், டேங்க்ல டீசலே இல்ல சார்."

"முதல் கேள்வியே அதானே?"

"இருக்குதுன்னுதான் நெனச்சன். மருமவன் பம்புசெட்டுக்கு எடுத்து ஊத்திக்கினு சொல்லாம இருந்துட்டான்." சற்று நிறுத்தி, என்னை ஆறுதல்படுத்தும் குரலில் சொன்னார்: "புக்கு நல்லாதான் சார் இருக்குது. படிக்க சொகமா இருக்குது."

என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் மறக்க முடியாதது அதுதான். உழவுக்காலத்தில் ஒன்பது நாள் அவருடைய வண்டி நின்றிருந்தது.

மறுநாள் திலகவதி மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு வந்தார். 'டேங்கில் டீசல் இருக்கிறதா? எழுந்து போய்ப் பார்க்கவும்.' ஊதா மை. மிச்சமிருந்த கையேடு ஒவ்வொன்றிலும் ஆறாவது கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே, அழைப்பு வராத நேரமெல்லாம் உட்கார்ந்து குத்தினார். இரண்டாம் நாளிலிருந்து நான் பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. ஸ்டாம்பு கொஞ்சம் சாய்வாகத்தான் விழும். என் கச்சிதமான பக்கத்தின் நடுவில் அது கட்டை விரல் ரேகைபோல இருக்கும்.

பின்விளைவு ஒன்று நடந்தது. ஊதா முத்திரையைப் பார்த்த விவசாயிகள் அதை ஏதோ அரசாங்க முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். முத்திரை இல்லாத முதல் கட்டுப் பிரதிகளைப் போலி என்று சொல்லிக் கடைகளில் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் எழுதியது போலி, அவர் குத்தியது அசல். மேலாளர் அடுத்த பதிப்பில் முத்திரையையும் சேர்த்தே அச்சடித்தார், சாய்வு உட்பட.

பணி ஓய்வு பெற்ற அன்று திலகவதி அந்த ஸ்டாம்பை என் மேசையில் வைத்தார். "உங்ககிட்ட இருக்கட்டும் சார். நீங்க மறந்துடுவீங்க." நான் சிரித்தேன்.

மறந்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் வேளச்சேரியில் தண்ணீர் நின்றபோது அது தெரிந்தது. என் அக்கா அங்கே தரைத்தளத்தில் குடியிருந்தாள். அவளுக்கு வாரம் இரண்டு முறை அடையாறு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஒரு முறை தவறியாகிவிட்டது. அன்றும் தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்; அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அந்தத் தெருவில் ஆட்களை ஏற்றி வெளியே கொண்டுவர ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஏழுமலை. டிரெய்லரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தோம். இரண்டு தெரு தாண்டியதும் எஞ்சின் திணறி, மூச்சிழுத்து, நின்றது. சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீர்.

ஏழுமலை சாவியைத் திருப்பிப் பார்த்தார். உறுமியது, கிளம்பவில்லை. நான் திலகவதியை அழைத்தேன். கைப்பேசியில் கொஞ்சம்தான் சார்ஜ் மிச்சம்.

"ஓடும்போது நின்னுதா?"

"ஆமா."

"பட்டுனு நின்னுதா, திணறியா?"

"திணறி."

"தண்ணி ஏர் ஃபில்டர் வரைக்கும் ஏறிச்சா? ஏறியிருந்தா சாவியத் தொடாதீங்க."

"ஏறல. கீழதான் இருக்கு."

"டீசல்?"

"ஏழுமலை, டீசல் இருக்கா?" என்று கேட்டேன். "முள்ளு ஃபுல்லா கீது சார்" என்றார் ஏழுமலை. "ஃபுல் மேடம்" என்றேன்.

குமிழ் உள்ளேதான் இருந்தது. மூடியைத் தளர்த்தினோம், பயனில்லை. வடிகட்டியின் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. அக்கா நாற்காலியில் இருந்தபடி, "எவ்ளோ நேரம்டா ஆகும்?" என்றாள். "அஞ்சு நிமிஷம்" என்றேன், எந்த ஆதாரமும் இல்லாமல்.

"சார்" என்றார் திலகவதி. "டேங்க்ல டீசல் இருக்கா?"

"மேடம், மொதல்லயே சொன்னேனே! ஃபுல்!" என்று கத்தினேன்.

"சார், அந்த வரிய எடுத்தவர் நீங்கதான்" என்றார். அத்தோடு கைப்பேசி அணைந்துவிட்டது.

தண்ணீரில் ஒரு துடைப்பம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து ஒரு குச்சியை உருவி, சட்டையில் துடைத்து, டேங்குக்குள் விட்டேன். அடிவரை போய் இடித்தது. எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் லேசான ஈரம்.

ஏழுமலை குச்சியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது! முள்ளு ஃபுல்லா கீது, குச்சி காஞ்சி கீது!" முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை ஒரு தட்டு தட்டினார். முள் அசையவில்லை. "காலைலேந்து இது எறங்கவே இல்ல சார். வண்டி நல்லா மைலேஜ் குடுக்குதுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

பக்கத்து அடுக்ககத்தில் ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை முதல் மாடியிலிருந்து ஒரு கேன் இறக்கித் தந்தார்கள். ஊற்றினால் மட்டும் போதாது. டேங்க் வறண்டதால் குழாயெல்லாம் காற்று ஏறியிருக்கும். வடிகட்டியின் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி அடங்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை நான் நானே எழுதிய வாக்கியங்களில் சொல்ல ஆரம்பித்தேன். ஏழுமலை குறுக்கிட்டார்: "காத்து எடுக்கறது எனக்குத் தெரியும் சார். நீ போய் அக்கா பக்கத்துல நில்லு." இருபது நிமிடத்தில் எஞ்சின் கிளம்பியது. அக்கா அன்று அடையாறு போய்ச் சேர்ந்தாள்.

பிறகு திலகவதி விவரம் கேட்டு, ஏழுமலையின் எண்ணை வாங்கி அவருடன் பேசிக் கண்டுபிடித்தார். டேங்கில் மிதக்கும் கட்டையிலிருந்து முள்ளுக்கு வரும் கம்பியை எலி கடித்திருந்தது. அந்த மாடலில் கம்பி அறுந்து தொங்கினால் முள் காலி என்று காட்டும். உறை கிழிந்து வண்டியின் உடம்பில் உரசினால் நிரம்பியிருப்பதாகக் காட்டும். நின்றது டீசல் கோளாறு. பொய் சொன்னது மின்சாரக் கோளாறு. இரண்டும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "அழகா இருக்கு இல்ல சார்?" என்றார். அழகாகத்தான் இருந்தது.

கடைசியாக நான் அவருடன் பேசியது இந்த மாசி மாதம். "உடம்பு எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டேன். "முள்ளு ஃபுல்ல நிக்குது சார்" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு நான் எங்கள் தெருவில் கார் நிறுத்தும் தகராறைப் பற்றி விரிவாகப் பேசினேன். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். நடுவே இரண்டு தடவை இருமினார். வைத்துவிட்டோம்.

கண்ணம்மாபேட்டை மயானத்தில் எல்லாம் முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "சார், புக்கு எழுதனவருதான நீங்க? நான் கோதண்டம். செய்யாறு." முகத்தை அன்றுதான் பார்த்தேன். பம்பை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர்.

நோய் எப்போதிலிருந்து என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, தம்பிக்கே கடைசி மாதம்தான் தெரிந்தது என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தை மாசமே தெரியும் சார்" என்றார் கோதண்டம். "வருசா வருசம் வேர்க்கடலை கொண்டாருவன். எப்படிக்கா இருக்கீங்கன்னன். நல்லா இருக்கேன்னாங்க. கடலைய உள்ள வெச்சிட்டு வந்து, மறுபடியும் எப்படிக்கா இருக்கீங்கன்னன். 'சொன்னது காதுல விழலையா கோதண்டம்'னு கோவம் வந்திடுச்சு அக்காவுக்கு. நான் எதுவும் பேசல. கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்பறம் உக்காந்து சொன்னாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிக்கு மூணு வாட்டி கூடப் போனன். யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. சொல்லல."

என்னிடம் முள்ளைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொன்னது, கோதண்டம் கேட்டதற்கு அடுத்த மாதம். அந்த முள்ளின் கதை முழுதும் தெரிந்த ஆள், ஏழுமலையை விட்டால், இந்த உலகத்தில் நான்தான். துடைப்பக் குச்சியை டேங்குக்குள் விட்டவன் நான். அவர் எனக்குப் புரியும் ஒரே பாஷையில் சொல்லிவிட்டு, நான் இன்னொரு தடவை கேட்கிறேனா என்று ஒரு கணம் காத்திருந்தாரா, அல்லது கேட்க மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்துதான் என்னிடம் அப்படிச் சொன்னாரா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இரண்டு தடவை கேட்டாலும் பதில் வராத கேள்வி இது.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ரப்பர் ஸ்டாம்பு. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து அதைத் தேடி எடுத்தேன். மை காய்ந்திருக்கிறது, எழுத்துகள் அழியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எப்படி இருக்கே?"

"இப்பதானே சொன்னேன்? காது கேக்கலையா ஒனக்கு?"

நான் எதுவும் பேசவில்லை. அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"இரு," என்றாள் அக்கா, "உக்காந்துக்கறேன்."